மிகை மின்கட்டணமும் மெய்ப்பிக்கும் சுமையும்

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்துகொண்டிருந்த இருமாத மின்கட்டணம் ஒரு முறை நாலாயிரமாகவோ ஐயாயிரமாகவோ வந்து நிற்குமானால், அதிலிருந்து எழும் பிணக்கு வெளிப்பார்வைக்கு ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் அதனுள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்த வீட்டில் மின்சாரம் மெய்யாகவே அவ்வளவு செலவாயிற்றா என்பது முதலாவது. செலவாகவில்லை என்று வீட்டார் சொன்னால், அதை யார், எதைக் காட்டி, யார் முன் மெய்ப்பிக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதற்கேள்வி மின்பொறியியலைச் சார்ந்தது. இரண்டாவது சட்டத்தையும் அலுவலக நடைமுறையையும் சார்ந்தது. பிணக்குகள் பெரும்பாலும் இரண்டாம் கேள்வியில்தான் முடிவாகின்றன என்பதையும், அதற்கு வேண்டிய சான்றுகளில் மிகுதியானவை ஒரு தரப்பின் கையிலேயே குவிந்திருக்கின்றன என்பதையும் கிணத்துக்கடவு வட்டாரத்தின் வீட்டு நிலைமைகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் இடைப்பட்ட கிணத்துக்கடவு, தக்காளிச் சந்தையாலும் கல்குவாரிகளாலும் தென்னந்தோப்புகளாலும் அறியப்பட்ட ஊர்; வடக்கே மலுமிச்சம்பட்டி, குறிச்சிப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்வோர் குடியிருக்கும் ஊராகவும் அது மாறிவந்திருக்கிறது. கொங்கு நாட்டுக்கு மின்சாரம் வந்த வரலாறே கிணற்றோடும் ஆலையோடும் சேர்ந்தது. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோவையின் பஞ்சாலைகளும், அவற்றைத் தொடர்ந்து பம்புசெட்டுத் தொழிலும் பெருகின. மாடு பூட்டித் தோல்சாலில் நீர் இறைத்த கவலைக் கிணறுகளில் மோட்டார் ஏறியது. மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடும் மரபும் இம்மண்ணுக்குப் புதிதன்று. பைசாக் கணக்கிலான உயர்வை எதிர்த்து உழவர்கள் திரண்ட 1970ஆம் ஆண்டில் பெருமாநல்லூரில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் மூவர் உயிரிழந்தனர். 1972இல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் உழவர்களின் மாட்டுவண்டிகள் கோவை நகரின் சாலைகளை அடைத்து நின்றன. அந்தப் போராட்டங்களின் நீட்சியாகவே வேளாண் பம்புசெட்டுகளுக்குப் பிற்காலத்தில் இலவச மின்சாரம் கிடைத்தது என்பதைக் கொங்கு உழவர் குடும்பங்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. ஆனால் அன்று எதிர்க்கப்பட்டது எல்லோருக்கும் பொதுவான விகிதம். அதனால் ஊரே திரள முடிந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் மிகைக் கட்டணமோ அந்த வீட்டை மட்டும் தாக்குவது. அடுத்த வீட்டாருக்கு வழக்கம்போலவே கட்டணம் வந்திருக்கும் நிலையில், குறையைச் சொல்பவர் தனியாக உதவிப் பொறியாளர் அலுவலகத்தின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தத் தனிமை இப்பிணக்கின் தன்மையையே தீர்மானிக்கிறது.

கட்டணம் உருவாகும் முறையை முதலில் விளக்குவது தேவை. 1957இல் தோன்றிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010இல் பிரிக்கப்பட்டு, வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் பணி உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்திடம் சென்றது. 2024இல் அதுவும் பிரிக்கப்பட்டு, இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் அப்பணியைச் செய்கிறது. மக்கள் வழக்கில் இவை எல்லாமே ‘இ.பி.’தான். கட்டண விகிதத்தை நிர்ணயிப்பது இந்நிறுவனம் அன்று. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமே அதை நிர்ணயிக்கிறது. வீட்டு இணைப்புகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை மாதத்திலோ இரட்டைப்படை மாதத்திலோ, மின் கணக்கீட்டாளர் வந்து மீட்டரைப் பார்த்து அளவைப் பதிகிறார். ஓர் ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். முதல் 100 யூனிட்டுகள் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன; அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிறது.

இப்படிகளின் அமைப்பில் ஒரு செங்குத்தான சரிவு இருக்கிறது. 2022 செப்டம்பரில் நடப்புக்கு வந்த விகிதத்தில், இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு மானியம் போக 2.25 ரூபாயும், 400 வரை 4.50 ரூபாயும், 500 வரை 6 ரூபாயும் வாங்கப்பட்டன. 500ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறுக்கான மானியம் போய்விடும், தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாயில் தொடங்கி மேலே ஏறும். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டிய வீடு 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். இதற்கு முன், 2017 முதல் 2022 வரை இருந்த விகிதத்தில் இச்சரிவு இன்னும் கடுமையாக இருந்தது: நிலைக்கட்டணம் உட்பட 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501 யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,787 ரூபாய். 2024 ஜூலையில் விகிதங்கள் மீண்டும் உயர்ந்தனவே தவிர, படிகளின் அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. ‘கொஞ்சம்தானே கூட ஓடியிருக்கும், எப்படி இவ்வளவு வந்தது’ என்ற வியப்பில் கணிசமான பகுதி மீட்டரின் பிழையால் எழுவதன்று. கட்டண அட்டவணையின் வடிவத்தால் எழுவது.

கணக்கெடுப்பு நாள் தள்ளிப்போவதும் இச்சரிவோடு சேர்ந்தே தீங்கு செய்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 8 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டில் 60 நாளில் கணக்கெடுத்தால் 480 யூனிட் பதிவாகி 2022 விகிதப்படி 1,605 ரூபாய் வரும். கணக்கீட்டாளர் ஐந்து நாள் தாமதமாக வந்து, நாள் கணக்கில் விகிதப்படுத்தாமல் மொத்தத்தையும் ஒரே சுற்றாகக் கொண்டால் 520 யூனிட்டுக்கு 2,110 ரூபாய் வரும். அடுத்த சுற்று 55 நாளாகக் குறைந்து 440 யூனிட்டுக்கு 1,365 ரூபாய் வந்தாலும், இரண்டு சுற்றுகளையும் கூட்டிப் பார்க்கையில் அதே மின்சாரத்துக்கு 265 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். ஆதலால், மிகைக் கட்டணம் வந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அன்று, முந்தைய கணக்கெடுப்புக்கும் இந்தக் கணக்கெடுப்புக்கும் இடைப்பட்ட நாட்களின் எண்ணிக்கையை.

இந்தச் சிக்கல் தமிழ்நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்கிய தருணம் 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கம். மார்ச் மாத இறுதியிலிருந்து கணக்கீட்டாளர்கள் வீடுகளுக்கு வர இயலாத நிலையில், முந்தைய சுற்றில் கட்டிய தொகையையே மீண்டும் கட்டும்படி நுகர்வோர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பின்னர் நான்கு மாதப் பயன்பாடு மொத்தமாக எடுக்கப்பட்டு, இரு சுற்றுகளுக்கெனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டு, ஏற்கெனவே கட்டிய தொகை அதில் கழிக்கப்பட்டது. இம்முறையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கு 2020 ஜூலையில் தள்ளுபடி செய்யப்பட்டது; அதே மாதம் அப்போதைய எதிர்க்கட்சியான திமுக வீடுகளின் முன் கறுப்புக்கொடி ஏற்றிப் போராடியது. சரிபாதியாகப் பிரித்தது நுகர்வோருக்கு நன்மையா தீமையா என்ற விவாதம் அன்று அரசியல் சாயத்திலேயே நடந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வீட்டுக்கு வீடு மாறுகிறது. மெய்யாக 300, 690 யூனிட் செலவான வீட்டில் தனித்தனியாகக் கணக்கிட்டிருந்தால் அன்றைய விகிதத்தில் 3,564 ரூபாய் வந்திருக்கும். 495ஆகப் பிரித்ததால் 2,230 ரூபாய்தான் வந்தது. ஆனால் 400, 620 யூனிட் செலவான வீட்டில் தனித்தனியாக 3,402 ரூபாய் வர வேண்டியது, 510ஆகப் பிரித்ததால் இரு சுற்றுகளும் 500ஐத் தாண்டி 3,692 ரூபாய் ஆயிற்று. எந்த வீடு எந்தப் பக்கம் விழுந்தது என்பதை இடைப்பட்ட மாதத்தில் மீட்டரைத் தாமே பார்த்துக் குறித்துவைத்த குடும்பங்கள் மட்டுமே சொல்ல முடிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரளத்திலும் இருமாதக் கணக்கெடுப்பே நடப்பதால் அங்கும் இதே கூக்குரல் எழுந்தது. அம்மாநில அரசு கூடுதலாக வந்த தொகையில் ஒரு பங்கை மானியமாகத் தள்ளி, மீதியைத் தவணைகளில் கட்ட வழிசெய்தது.

மின்சாரம் மெய்யாகவே கூடுதலாகச் செலவாகும் வழிகளை அடுத்துப் பார்க்கலாம். கொங்குப் பகுதி வீடுகளில் நிலத்தடி நீர் கீழிறங்கக் கீழிறங்க ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடும் நேரம் கூடுகிறது என்பது வெளிப்படையானது. ஆனால் வீட்டார் அதைக் கணக்கில் கொள்வது அரிது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஒன்றரைக் குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் தன் இழப்புகளையும் சேர்த்து ஏறத்தாழ 1,600 வாட் இழுக்கும் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினாலே இரண்டு மாதத்தில் 96 யூனிட் ஏறிவிடும். தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி நீர் வழிந்துகொண்டிருப்பதும், கிணற்றுக்குள் இறங்கும் குழாயில் ஓட்டை விழுந்து ஏற்றிய நீர் மீண்டும் கிணற்றிலேயே விழுவதும் இவ்வாறு மோட்டாரை ஓட வைப்பவை. 2,000 வாட் வெந்நீர் கருவி அரை மணி நேரம் ஓடினால் இருமாதத்தில் 60 யூனிட். கோடையில் குளிர்சாதனம் சேர்ந்துவிட்டால் 500ஐத் தாண்டுவதற்கு வேறொன்றும் தேவையில்லை.

பலரும் அறியாத காரணம் ஒன்று லைன் வீடுகளில் இருக்கிறது. ஒரே வளாகத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடப்படும் சிறு வீடுகளுக்குக் கொங்குப் பகுதியில் லைன் வீடு என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் இருந்தாலும் உள்ளே கம்பி இழுத்தவர் செலவைக் குறைக்கச் சில இடங்களில் ஒரே நியூட்ரல் கம்பியைப் பொதுவாக்கிவிடுவது உண்டு. ஒருமுனை இணைப்பில் மின்னோட்டம் பேஸ் கம்பி வழியே வீட்டுக்குள் வந்து நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. இரண்டிலும் ஒரே அளவு ஓட வேண்டும். மின்திருட்டைத் தடுக்கும் பொருட்டு இக்கால மின்னணு மீட்டர்கள் இரு கம்பிகளிலும் ஓடுவதை அளந்து, எது கூடுதலோ அதைக் கொண்டே யூனிட்டைக் கணக்கிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. நியூட்ரல் பொதுவாக இருக்கும்போது பக்கத்து வீட்டு மின்னோட்டத்தின் ஒரு பகுதி இந்த வீட்டு மீட்டரின் வழியாகத் திரும்பிச் செல்கிறது, மீட்டரும் அதை இந்த வீட்டுக் கணக்கிலேயே ஏற்றிவிடுகிறது. சுவரின் ஈரத்தாலோ பழைய கம்பியின் உறை கிழிந்ததாலோ மின்சாரம் நிலத்துக்குக் கசிவதும் இதே விளைவைத் தரும். அது கட்டணத்தோடு உயிருக்கும் ஆபத்தானது.

இதைக் கண்டறியும் சோதனைக்கு எந்த அலுவலகத்தையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை துடிக்கும் என்பது, 1,600 என்றோ 3,200 என்றோ, மீட்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டபின் மெயின் சுவிட்சு இயங்கிக்கொண்டிருக்கையில் விளக்கு துடித்து, இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் மெயின் சுவிட்சை அணைத்தவுடன் துடிப்பு நின்றுபோனால், குறை வீட்டின் உட்கம்பிகளில் இருக்கிறது; அதைச் சீராக்க வேண்டியது உரிமம் பெற்ற மின்பணியாளரே. மெயினை அணைத்த பின்னும் துடிப்பு நிற்கவில்லையெனில், குறை மீட்டரிலோ மீட்டருக்கும் மெயினுக்கும் இடைப்பட்ட கம்பியிலோ இருக்கிறது. மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்பதையும் வீட்டிலேயே ஓரளவு அறியலாம்: வேறெதுவும் ஓடாதபோது ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தொடர்ந்து சூடேறும் நிலையில் ஆறு நிமிடம் இயக்கினால் பத்தில் ஒரு பங்கு யூனிட், அதாவது 3,200 துடிப்பு மீட்டரில் 320 துடிப்பு, வர வேண்டும். இச்சோதனை எந்த மன்றத்திலும் சான்றாக ஏற்கப்படும் என்பதற்கில்லை. ஆனால் மீட்டரைக் குற்றம் சொல்வதா, சொந்த வீட்டுக் கம்பியைத் தேடுவதா என்பதை அது முன்கூட்டியே பிரித்துக் காட்டிவிடும். பின்னதில் குறையை வைத்துக்கொண்டு முன்னதற்காக மனுப் போடுபவர்கள் காலத்தையும் கட்டணத்தையும் ஒருசேர இழக்கிறார்கள்.

இனி அளவீட்டிலும் கணக்கிலும் நேரும் பிழைகள். தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணை முழு எண்ணாகப் படித்துவிடுவதும், அடுத்த வீட்டு மீட்டரின் அளவை இந்த வீட்டு இணைப்பெண்ணில் ஏற்றிவிடுவதும் எளிதில் நேர்பவை, எளிதில் திருத்தக்கூடியவையும்கூட. மீட்டரின் அன்றைய அளவைத் தேதியோடு படமெடுத்துக் காட்டினால் போதும், ஏனெனில் அலுவலகக் கணக்கில் ஏறிய அளவைவிட இன்றைய மீட்டரளவு குறைவாக இருந்தால் அதற்கு மேல் வாதமே தேவையில்லை. வீடு பூட்டியிருந்து கணக்கீட்டாளர் திரும்பிப் போன சுற்றுகளில் ஊகமாகக் கணக்கிடப்பட்டு, அடுத்த முறை மொத்தமும் ஏறுவது சற்றுச் சிக்கலானது. ஒன்றிய அரசு 2020 டிசம்பரில் வெளியிட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் நீங்கலாக, இரண்டு சுற்றுகளுக்கு மேல் தற்காலிகக் கணக்கீடு தொடருமானால், மெய்யான அளவெடுத்துக் கட்டணம் கேட்கப்படும்வரை நுகர்வோர் பணம் கட்ட மறுக்கலாம். மீட்டரே பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்பதைத் தமிழ்நாடு மின்சார வழங்கல் விதித்தொகுப்பு 2004 தெளிவாக வகுத்திருக்கிறது: பழுதான காலத்துக்கு, அதற்கு முந்தைய நான்கு மாதப் பயன்பாட்டின் சராசரியையே கொள்ள வேண்டும், அந்த நான்கு மாதங்களில் வீட்டின் பயன்பாட்டு நிலைமை வேறாக இருந்திருக்கக் கூடாது. கொங்கு வீடுகளில் இந்தக் கடைசி நிபந்தனை முக்கியமானது. திருமணம், வீட்டு வேலை, கோடை விடுமுறைக்கு வந்த உறவினர் என்று அந்த நான்கு மாதங்களில் பயன்பாடு இயல்புக்கு மாறாக இருந்திருந்தால், முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள் நிலைமை ஒத்திருந்த வேறு நான்கு தொடர் மாதங்களை எடுக்கும்படி கேட்க விதி இடம் தருகிறது. கேட்காதவர்களுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை.

பயன்பாட்டின் வகையை மாற்றிக் கணக்கிடுவதால் வரும் உயர்வு வேறு இயல்பினது. வீட்டின் முன்னறையில் மளிகையோ தையலோ தொடங்கியதும் வீட்டு விகிதம் வணிக விகிதமாக மாறலாம். தோட்டத்துச் சாளையில், அதாவது விளைநிலத்துக்குள்ளேயே கட்டிய உழவர் வீட்டில், இலவச வேளாண் இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுத்திருந்தால் அது மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்கீழ் அனுமதியற்ற பயன்பாடாகி, உரிய விகிதத்தின் இரு மடங்கில் மதிப்பிடப்படும். தொடங்கிய நாள் தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடப்படும். தற்காலிக மதிப்பீட்டு ஆணை வந்த முப்பது நாளுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும் என்பதால், மறுப்பை அதற்கு முன்பே எழுதித் தர வேண்டும். இறுதி ஆணை வந்த பின் மேல்முறையீடு செய்யத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். இவ்வகை மதிப்பீட்டை எதிர்த்து நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் அனிஸ் அகமது வழக்கில் தீர்த்துவிட்டது. ஆகவே கையில் வந்திருக்கும் தாள் 126ஆம் பிரிவின் ஆணையா, சாதாரணக் கட்டணச் சீட்டா என்று பார்க்காமல் எங்கும் மனுப் போடக் கூடாது.

பழைய பாக்கி என்று திடீரென ஏறும் தொகை பற்றிய சட்டம் நுகர்வோருக்கு மிகவும் கசப்பானது. அலுவலகத் தணிக்கையில், பல ஆண்டுகளுக்கு முன் தவறான விகிதத்திலோ குறைவான அளவிலோ கணக்கிட்டது கண்டுபிடிக்கப்பட்டு, அதன் வித்தியாசம் நடப்புக் கட்டணத்தோடு சேர்க்கப்படுவதுண்டு. மின்சாரச் சட்டத்தின் 56(2) பிரிவு, தொகை முதன்முதல் செலுத்தத்தக்கதான நாளிலிருந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டால், அது தொடர்ச்சியாகப் பாக்கியாகக் காட்டப்பட்டு வந்திருந்தாலன்றி வசூலிக்க முடியாது என்கிறது. இதை நுகர்வோருக்கான அரணாகவே பலரும் கருதியிருந்தனர். ஆனால் 2020 பிப்ரவரியில் ரகமத்துல்லா கான் வழக்கில், கட்டணச் சீட்டு வழங்கப்பட்ட பிறகே தொகை செலுத்தத்தக்கதாகிறது என்று கொண்ட உச்ச நீதிமன்றம், தவறு பின்னர் தெரியவந்தால் கூடுதல் தொகை கேட்பதை இப்பிரிவு தடுக்கவில்லை, அதற்காக இணைப்பைத் துண்டிப்பதை மட்டுமே தடுக்கிறது என்று விளக்கியது. 2021 அக்டோபரில் பிரேம் காட்டெக்ஸ் என்ற நூற்பு நிறுவனத்தின் வழக்கில், விட்டுப்போன தொகையைப் பிறகு கேட்பது சேவைக் குறைபாடாகாது என்றும் கூறப்பட்டது. மீட்டரளவைப் பெருக்கும் காரணி தவறாகக் கொள்ளப்பட்ட அந்த ஆலைக்கும், ஒவ்வொரு சுற்றிலும் கேட்டதைக் கேட்டபடி கட்டிவந்த ஒரு வீட்டுக்கும் ஒரே அளவுகோலை வைப்பது நியாயமாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பிரிட்டனில் 2018 முதல், நுகர்வோரின் தவறின்றி விட்டுப்போன பயன்பாட்டுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய தொகையை வீடுகளிடம் கேட்கவே கூடாது என்று ஒழுங்குமுறை அமைப்பு விதித்திருக்கிறது. தவறு யாருடையதோ அதன் விலையை அவரே ஏற்க வேண்டும் என்ற இக்கொள்கையைத் தமிழ்நாட்டு ஆணையம் வீட்டு இணைப்புகளுக்காவது பரிசீலிக்க வேண்டும்.

குறையை எடுத்துச் செல்லும் வழி பிரிவு அலுவலகத்தில் தொடங்குகிறது. 2021இல் தொடங்கப்பட்ட மின்னகம் என்ற தொலைபேசி மையத்திலும் புகாரைப் பதியலாம் என்றாலும், பிற்பாடு கைகொடுப்பது எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்ற மனு மட்டுமே. மனு நிலுவையில் இருக்கையில் பணம் கட்டாவிட்டால் பீஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற அச்சமே பெரும்பாலோரை முழுத்தொகையையும் கட்டச் செய்து, பிணக்கை அங்கேயே முடித்துவிடுகிறது. இந்த அச்சத்துக்குச் சட்டமே மருந்து வைத்திருக்கிறது. துண்டிப்பதற்கு முன் முழுமையாகப் பதினைந்து நாள் அவகாசம் தரும் எழுத்துவழி அறிவிப்பு தேவை என்று கூறும் 56ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, கேட்கப்பட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதங்களில் கட்டியதன் சராசரியையோ, இவற்றில் எது குறைவோ அதை, எதிர்ப்பைத் தெரிவித்துக் கட்டிவிட்டால் பிணக்கு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்கிறது. நாலாயிரம் கேட்கப்பட்ட வீடு தன் வழக்கமான ஆயிரத்தைக் கட்டிவிட்டு வாதாடலாம் என்பதே இதன் பொருள். இவ்வளவு முக்கியமான உரிமை கட்டணச் சீட்டிலோ அலுவலகச் சுவரிலோ பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

மீட்டரைச் சோதிப்பது அடுத்த கட்டம். மீட்டரைக் கழற்றி ஆய்வகத்தில் சோதிப்பது ஒரு முறை. பழைய மீட்டரோடு தொடராக மற்றொரு மீட்டரைப் பொருத்தி இரண்டின் அளவையும் ஒப்பிடுவது மற்றொன்று. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட உரிமை விதிகள், மீட்டரளவு மெய்யான பயன்பாட்டுக்கு ஒத்துவரவில்லை என்று புகார் வந்தால் ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் அதன் அளவைச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி, ஆயினும் ஒப்பு மீட்டர் சொல்வது இன்றைய நிலையை மட்டுமே. ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் பாய்ந்து ஏறி, பிறகு இயல்புக்குத் திரும்பிவிட்ட மீட்டரை இன்று சோதித்தால் சரியாகவே இருக்கும்; சோதனையில் தேறிவிட்டது, ஆகவே அன்றைய அளவும் சரியே என்ற முடிவு அதிலிருந்து வருவித்துக்கொள்ளப்படும். கடந்தகாலத்தைச் சொல்லக்கூடியது மீட்டரின் உள்நினைவு ஒன்றே. பல மின்னணு மீட்டர்களில் சுற்றுவாரியான அளவுகளும், சிலவற்றில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எவ்வளவு மின்சாரம் ஓடியது என்ற விவரமும், குறுக்கீடு நேர்ந்த நாள் நேரமும் பதிவாகி இருக்கும். ஒரு கருவியை இணைத்து அதைப் பதிவிறக்கம் செய்யலாம். நள்ளிரவில் வீடே உறங்குகையில் ஐந்து கிலோவாட் ஓடியதாக அப்பதிவு காட்டினால் மீட்டர் தானே தன் பழுதை ஒப்புக்கொள்கிறது. ஒவ்வொரு நாளும் விடியலில் ஒன்றரைக் கிலோவாட் மூன்று மணி நேரம் ஓடியதாகக் காட்டினால் வீட்டார் மோட்டாரைப் பார்க்க வேண்டும். எனவே சோதனையை மட்டும் கேட்கும் மனு பாதி மனுவே. பதிவிறக்க விவரத்தின் படியையும் அது கேட்க வேண்டும், மீட்டரை மாற்றும் முன்பே கேட்க வேண்டும்.

அலுவலகத்தில் தீராதவை மின்பகிர்மான வட்டந்தோறும் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கிருந்து சென்னை கிண்டியிலுள்ள மின்குறை தீர்ப்பாளருக்கும் செல்கின்றன. வழக்கறிஞர் இல்லாமலேயே வாதாடலாம். மன்றத்தின் தலைவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர் என்ற ஏற்பாடு, தன் துறையின் கணக்கைத் தானே தீர்ப்பிடும் நிலையை உண்டாக்குகிறது; நேர்மையான அலுவலர் இருக்கும் இடத்திலும் நுகர்வோருக்கு அதில் நம்பிக்கை பிறப்பது கடினம். தீர்ப்பாளர் இத்துறையின் வெளியிலிருந்து பார்ப்பவர் என்றாலும், அவர் முன்னும் ஆய்வக அறிக்கைக்கு எதிராக வீட்டாரின் வாய்ச்சொல் நிற்பதில்லை. சேவைக் குறைபாட்டுக்குக் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். அங்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. மிகையாகக் கட்டியது உறுதியானால், வைப்புத்தொகைக்குத் தரப்படும் விகிதத்தில் வட்டியோடு அதைப் பின்வரும் கட்டணங்களில் ஈடுசெய்ய வழங்கல் விதித்தொகுப்பு வழி செய்கிறது. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் தமக்கு உரிமை இல்லை என்று குடியிருப்போர் ஒதுங்கத் தேவையில்லை; மின்சாரச் சட்டத்தின் வரையறைப்படி, இணைப்பு உள்ள இடத்தில் இருப்பவரும் நுகர்வோரே.

மாதந்தோறும் கணக்கெடுக்கும் முறை திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையில் வாக்களிக்கப்பட்டது. ஸ்மார்ட் மீட்டர் எனப்படும் திறன் மீட்டர்கள் பொருத்தப்பட்ட பின் அது வரும் என்று பின்னர் சொல்லப்பட்டது. அம்மீட்டர்களுக்கான ஒப்பந்தப்புள்ளி 2024 இறுதியில் ரத்தாகிக் காலம் தள்ளிப்போனது. மாதக் கணக்கெடுப்பு படிகளின் சரிவை நீக்கிவிடாது, இருமாதப் படிகளைப் பாதியாக்கி வைத்தாலும் 250 யூனிட்டில் அதே சரிவு இருக்கும். ஆனால் பிழை நேர்ந்து அறுபது நாள் கழித்துத் தெரிவதற்குப் பதில் முப்பதே நாளில் தெரியும், தகராறுக்கு உள்ளாகும் தொகையும் பாதியாகும். திறன் மீட்டரில் இன்னும் நுட்பமான பதிவு இருக்கும். நாள்தோறும் தொலைவிலிருந்தே அளவெடுக்கப்பட்டு நுகர்வோரின் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும் என்று உரிமை விதிகள் கூறுகின்றன. அவ்விவரம் கைப்பேசிச் செயலியில் மொத்த எண்ணாக மட்டும் தெரியுமா, அரை மணி நேரப் பதிவாக, நுகர்வோர் தன் கணினியில் இறக்கி மன்றத்தின் முன் வைக்கத்தக்க வடிவில் கிடைக்குமா என்பதை ஒப்பந்த நிபந்தனைகளிலேயே ஆணையம் எழுதிவைக்க வேண்டும். அதுவரை கிணத்துக்கடவு வீடுகளிடம் இருக்கும் வலுவான சான்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரைப் பார்த்து நாட்காட்டியின் ஓரத்தில் தேதியோடு குறித்துவைக்கும் எண்களே. எட்டு வாரக் குறிப்புகளில் ஏழு வாரம் ஐம்பது யூனிட்டும் ஒரு வாரம் மட்டும் நானூறு யூனிட்டும் இருக்குமானால், அந்த ஒரு வாரத்தில் என்ன நேர்ந்தது என்பதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு பகிர்மானக் கழகத்தின் பக்கம் நகர்கிறது.